நம்பரை மாற்ற வேண்டாம், அனுப்பினது யார் என்று பாருங்கள்

அண்ணாச்சி, கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கல்லிடைக்குறிச்சியில் உங்கள் அப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர். கடன், மனை, ரம்மி, பார்சல் என்று காலையிலிருந்து ராத்திரி வரை அவர் போனில் மெசேஜ் கொட்டுகிறது. பென்ஷன் ஏறின மெசேஜ் அதற்குள் எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. விளம்பர மெசேஜ் வேண்டாம் என்று பதிகிற டிஎன்டி போட்டு ரெண்டு மாதமாகியும் நிற்கவில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் திரையை மறைத்துக்கொண்டு ஏதோ வந்து நிற்கிறது, ரீசார்ஜ் காசும் கரைகிறது. எல்லாவற்றையும் பிளாக் செய்யலாமா, இல்லை நம்பரையே மாற்றிவிடலாமா?

நம்பரை மாற்றாதீர்கள். ஆதார், வங்கி, பென்ஷன் கணக்கு, கேஸ், இபி, ரேஷன் கார்டு எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்ற அப்பாவை அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் அலைய வைக்க வேண்டும். புது நம்பர் என்று கையில் தருவதும் பெரும்பாலும் புதிது இல்லை. ஒருவர் விட்ட நம்பரை 90 நாள் கழித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வண்ணார்பேட்டைப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புது சிம் வாங்கின மறுநாளே, "யாரோ பைக்குக்கு டியூ கட்டலையாம், என்னைப் போட்டு ஏசுதான்" என்று வந்து நிற்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பழைய ஆளின் தொல்லை முழுவதும் புது ஆளின் தலையில் ஏறிவிடுகிறது.

எல்லாவற்றையும் பிளாக் செய்வதும் வேண்டாம். சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று டெலிவரி கோடு கேட்பார். அது மெசேஜில்தான் வரும். வங்கி ஓடிபி, இபி பில், ஆஸ்பத்திரி டோக்கன் எல்லாம் அப்படியே. கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிளாக் போட்டுவிட்டு, பிறகு ஓடிபி வரவில்லை என்று போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் நிறைய.

செய்ய வேண்டியது, ஒவ்வொரு மெசேஜும் எந்த வழியாக வருகிறது என்று பிரிப்பதுதான். அதற்கு மெசேஜைத் திறக்கக்கூடத் தேவையில்லை. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் பாருங்கள். ஒன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும், இல்லையென்றால் பத்து இலக்க நம்பர் இருக்கும்.

எழுத்தாக இருந்தால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ரெண்டு எழுத்து, ஒரு கோடு, நடுவில் நிறுவனத்தின் பெயர், மறுபடியும் கோடு, கடைசியில் ஒற்றை எழுத்து. முதல் எழுத்து எந்த போன் கம்பெனி வழியாக வந்தது என்பதைக் காட்டும்: ஏ என்றால் ஏர்டெல், ஜே என்றால் ஜியோ, வி என்றால் வோடபோன் ஐடியா, பி (B) என்றால் பிஎஸ்என்எல். இரண்டாவது எழுத்து எந்த வட்டம், அதாவது போன் கம்பெனியின் எந்தச் சேவைப் பகுதி என்பது. நமக்கு வேண்டியது கடைசி எழுத்து. பி (P) என்றால் விளம்பரம், எஸ் (S) என்றால் சேவை, டி (T) என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனை, ஜி (G) என்றால் அரசு. இந்தக் கடைசி எழுத்து 2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு கட்டாயமானது. அதனால் பழைய மெசேஜ்களில் தேடாதீர்கள், இருக்காது.

இந்த எழுத்துப் பெயர்கள் சும்மா வருவதில்லை. 2018 விதிமுறைப்படி மொத்தமாக மெசேஜ் அனுப்புகிற எவரும் டிஎல்டி என்னும் பதிவேட்டில் தன் நிறுவனத்தையும், இந்தப் பெயரையும், அனுப்பப்போகும் வாசகத்தின் மாதிரியையும் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர் யாருடையது என்று டிராய் இணையதளத்தில் போட்டுப் பார்க்கவும் வசதி இருக்கிறது. எழுத்துப் பெயரில் வரும் தொல்லைக்குப் பின்னால் விலாசமுள்ள ஒரு ஆள் உண்டு, பிடிக்க முடியும்.

இப்போது டிஎன்டி ஏன் கேட்கவில்லை என்பதற்கு வருவோம். டிஎன்டி நிறுத்துவது பி எழுத்தில் முடியும் விளம்பரங்களை மட்டும்தான். எஸ், டி, ஜி மூன்றையும் தொடாது, தொடவும் கூடாது. பத்து இலக்க நம்பரிலிருந்து அனுப்புகிறவன் டிஎன்டி பட்டியலைப் பார்த்துவிட்டா அனுப்புகிறான்? சட்டத்துக்குப் பயந்தவனைத்தான் டிஎன்டி கட்டுப்படுத்தும். அதற்காக அது வீண் என்று சொல்லவில்லை. போட்டிருந்தால் பாதித் தொல்லையாவது குறைய வேண்டும். அப்பா நம்பரில் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர் போனிலிருந்தே 1909-க்கு அழைக்கலாம், இல்லை ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று தட்டி ஓர் இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு அனுப்பலாம். காசு கிடையாது. பதிவானதற்குப் பதில் மெசேஜ் வரும். அது வராமல், "நான் போட்டுட்டேன்" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். அனுப்பியது மகனின் போனிலிருந்து, தொல்லை அப்பாவின் போனில் என்பதும் உண்டு.

பதிவாகியும் பி மெசேஜ் வருகிறது என்றால் எங்கோ சம்மதம் கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். தீபாவளி ஜவுளி எடுக்கத் திருநெல்வேலி டவுனுக்குப் போகிறோம், பில் போடும் பிள்ளை தலையைத் தூக்காமலே, "நம்பர் சொல்லுங்க சார்" என்கிறது, நாமும் ஒப்பிக்கிறோம். நகைச்சீட்டு சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில், "தகவல்கள் அனுப்பச் சம்மதம்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். டிஎன்டியை மீறி அவர்கள் அனுப்ப அந்த ஒரு வரி போதும். பில் போட நம்பரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக்கூடாது என்று 2023-இலேயே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் இல்லாம பில் போடு தாயி" என்றால் போட்டுத்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றால், விளம்பர மெசேஜில் விலகிக்கொள்ள வழி கொடுத்திருக்க வேண்டும் என்பது இப்போது விதி. பி எழுத்தில் முடிந்து, தெரிந்த கடையாக இருந்தால் மட்டும் அந்த வழியைப் பயன்படுத்துங்கள். தெரியாத நம்பருக்கு ஸ்டாப் என்று பதில் போட்டால், இந்த நம்பரில் ஆள் இருக்கிறார் என்று அவனுக்கு நாமே சொன்னதாகிவிடும்.

எஸ் எழுத்தில் ஒரு திருட்டுத்தனம் நடக்கிறது. "உங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதலான கடன் காத்திருக்கிறது" என்பதைச் சேவை மெசேஜ் மாதிரி எழுதி அனுப்புகிறார்கள். சேவைக்குள் விளம்பரத்தைக் கலந்தால் விதிப்படி அது விளம்பரம்தான். அப்பா கேட்காத கடனுக்கு எஸ் எழுத்தில் மெசேஜ் வந்தால் சும்மா விடாதீர்கள், புகார் கொடுங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

பணம் போவது பெரும்பாலும் பத்து இலக்க நம்பர் வழியாகத்தான். நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இபி மெசேஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் வரும். அன்புள்ள நுகர்வோரே, போன மாத பில் பதிவாகாததால் இன்று ராத்திரி 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே எங்கள் அதிகாரியை இந்த நம்பரில் கூப்பிடவும் என்று இருக்கும். இதைப் பார்த்ததும், "எல, ராத்திரி கரண்டை வெட்டிருவாவளாம்லா, என்னன்னு பாரு" என்று பதறிக்கொண்டு போனை நீட்டும் பெரியவர்கள் பலர் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

நிதானமாக வாசித்தால் அந்த மெசேஜே தன்னைக் காட்டிக்கொடுக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங், பில் எல்லாம். போன மாத பில் என்று ஒன்று கிடையவே கிடையாது. மோசடிக்காரன் வேறு மாநிலத்தை மனதில் வைத்து எழுதினதை இங்கேயும் அனுப்புகிறான். ரீடிங் எடுத்த நாளிலிருந்து பணம் கட்ட 20 நாள் தவணை உண்டு. எந்த ஊரில் இபிக்காரர் ராத்திரி ஒன்பதரைக்குக் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்குகிறார்? உண்மையான பில் மெசேஜில் சர்வீஸ் நம்பர் இருக்கும். நம் திருநெல்வேலி மண்டலத்து நம்பர் 07 என்று தொடங்கும். மோசடி மெசேஜில் எந்த நம்பரும் இருக்காது, ஏனென்றால் அவனுக்குத் தெரியாது. கூப்பிட்டுவிட்டால் அடுத்த கட்டம், "சும்மா பத்து ரூபா கட்டுங்க சார், அப்டேட் ஆயிரும்" என்பது. அதற்கு ஒரு ஆப் ஏற்றச் சொல்வான். அது நம் திரையை அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வைக்கும் ஆப். பத்து ரூபாய் கட்டும்போது நாம் அழுத்துகிற பின் நம்பரை அவன் பார்த்துக்கொள்வான். இபி சந்தேகம் எதுவானாலும் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987-இல் கேட்டுக்கொள்ளலாம்.

மற்ற மோசடிகளும் இதே அச்சில் வார்த்தவைதான், பயமும் அவசரமும் மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். பென்ஷன்காரருக்கு உயிர்வாழ் சான்று. குடும்பத் தலைவிக்கு உரிமைத்தொகை. பைக் வைத்திருப்பவனுக்குப் போக்குவரத்து அபராதம். எல்லோருக்கும் பொதுவாக, "உங்கள் பார்சல் நிற்கிறது, விலாசத்தைச் சரிசெய்யவும்" என்று தபால் துறை பெயரில் ஒரு லிங்க். ஐபோன் வைத்திருந்தால் இந்தப் பார்சல் மெசேஜ் வெளிநாட்டு நம்பரிலிருந்துகூட வரும். கல்லிடைக்குறிச்சி போஸ்ட்மேனுக்கு உங்கள் வீடு தெரியாதா என்ன?

இங்கே ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், பதிந்த எழுத்துப் பெயரில் வரும் மெசேஜில் முன்அனுமதி வாங்காத லிங்க் இருந்தால் போன் கம்பெனி அதைத் தடுத்துவிட வேண்டும். அதனால் மோசடிக்காரர்கள் பத்து இலக்க நம்பருக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்துவிட்டார்கள். சாதாரண பிளானில் ஒரு சிம்மில் நாளுக்கு 100 மெசேஜ்தான் போகும். அதனால் பல சிம்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அப்பா போனில் ஒரு நம்பரை பிளாக் செய்தால் நாளைக்கு வேறு நம்பரில் வருவது இதனால்தான். பிளாக் செய்வது நம் வீட்டுக் கதவைச் சாத்துவது மட்டும். அவன் சிம்மைப் பிடுங்க வேண்டுமென்றால் புகார்தான் வழி.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பீர்கள். முன்பெல்லாம் அந்தச் சலிப்பு நியாயமாகத்தான் இருந்தது. ஒரு நம்பர் மேல் ஏழு நாளில் பத்துப் புகார் சேர வேண்டும், நடவடிக்கைக்கு 30 நாள் எடுத்துக்கொள்வார்கள். 2025 திருத்தத்தில் இது பத்து நாளில் ஐந்து புகார் என்று ஆகிவிட்டது, நடவடிக்கை ஐந்து நாளுக்குள். பதியாத நம்பர் மேல் புகார் கொடுக்க நாம் டிஎன்டியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போய்விட்டது. முதல் தடவை மாட்டினால் 15 நாள் அவன் சிம்மிலிருந்து அழைப்பு, மெசேஜ் எதுவும் வெளியே போகாது. மறுபடியும் மாட்டினால் அவன் பெயரில் உள்ள இணைப்புகள் எல்லாம் ஓராண்டுக்குத் துண்டிப்பு. யோசித்துப் பாருங்கள், அதே இபி மெசேஜ் உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்! ஐந்து பேர் புகார் கொடுத்தாலே அந்த நம்பர் சிக்கலில் மாட்டும். ஆனால் எல்லோரும் டெலிட் செய்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

செய்முறை இதுதான். மெசேஜ் வாசகத்தை அப்படியே காப்பி செய்து, கமா போட்டு அனுப்பிய நம்பர் அல்லது எழுத்துப் பெயர், மறுபடி கமா போட்டு வந்த தேதி, இவ்வளவையும் 1909-க்கு அனுப்ப வேண்டும். மெசேஜ் வந்து ஏழு நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். புகார் எண் பதிலாக வரும். தட்டுவது சிரமம் என்றால் டிராயின் டிஎன்டி ஆப் இருக்கிறது, அதில் மெசேஜைத் தொட்டாலே போதும். இது விளம்பரத் தொல்லைக்கு. மோசடி வாடை அடித்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது, அங்கே கொடுங்கள். அதே ஆப்பில் அப்பாவின் பெயரில் எத்தனை சிம் வாங்கப்பட்டிருக்கிறது என்றும் பார்க்கலாம். ஒருவர் பெயரில் 9 சிம் வரைக்கும் இருக்கலாம் என்பதால், நமக்குத் தெரியாமல் ஒன்றிரண்டு ஒளிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. தெரியாதது இருந்தால் அங்கேயே, "என்னுடையது இல்லை" என்று குறித்துவிடலாம்.

இடையில் ஒரு வார்த்தை, மனை புரோக்கர் வேலை பார்க்கிற நம் ஊர்த் தம்பிகளுக்கு. "நான்கு வழிச்சாலை அருகில், சென்ட் இவ்வளவு" என்று சொந்த நம்பரிலிருந்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறீர்களே, விதிப்படி நீங்களும் பதியாத விளம்பரதாரர்தான். ஐந்து பேர் கடுப்பாகிப் புகார் கொடுத்தால் உங்கள் தொழில் நம்பருக்கே ஆபத்து.

அப்பா போனின் செட்டிங்குக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் மெசேஜஸ் ஆப்பின் செட்டிங்கில் ஸ்பேம் பாதுகாப்பு என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். சந்தேகமானவை தனிப் பெட்டிக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை அந்தப் பெட்டியையும் எட்டிப் பாருங்கள், நல்லதும் சில நேரம் மாட்டிக்கொள்ளும். கம்பெனி லோகோவோடு பெரிய பெரிய படமாக விளம்பரம் வருகிறதென்றால் அது சாதாரண எஸ்எம்எஸ் இல்லை, ஆர்சிஎஸ் என்னும் இணைய வழி மெசேஜ். அதே செட்டிங்கில் ஆர்சிஎஸ் சாட்டை ஆஃப் செய்துவிட்டால் அந்தப் படங்கள் நிற்கும். பென்ஷன் வாங்கும் வங்கியின் மெசேஜை நீளமாக அழுத்தி மேலே பின் செய்து வையுங்கள். அப்பா கேட்டது முதலில் அதைத்தானே.

வாட்ஸ்அப்பில் அபராதம் என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ ஏபிகே கோப்பு, அதாவது தொட்டால் ஆப்பாக ஏறிக்கொள்ளும் கோப்பு வந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஏற்றிவிட்டால் வரும் ஓடிபியை எல்லாம் அதுவே வாசித்து வெளியே அனுப்பிவிடும். வண்டிக்கு உண்மையிலேயே அபராதம் உண்டா என்பதை அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பர் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கை தவறி ஏற்றியிருந்தால் உடனே ஃப்ளைட் மோடில் போடுங்கள், வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள், பிறகு அந்த ஆப்பை நீக்குங்கள். அதன் பின் ##002# என்று டயல் செய்தால் அழைப்புகள் வேறு எங்கும் திருப்பிவிடப்பட்டிருந்தாலும் ரத்தாகும். பணம் போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள், வெட்கப்பட்டு மகனிடம் மறைக்கவும் வேண்டாம். போன பணம் இன்னொரு கணக்கில் இருக்கும்போதே சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும். மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உண்டு. ஆனால் பஸ் ஏறி அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே 1930-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

கடைசியாக அம்மாவின் பட்டன் போன். திரையை மறைத்துக்கொண்டு வருவது மெசேஜ் இல்லை, சிம்முக்குள்ளேயே இருக்கும் விளம்பரச் சேவை. மெனுவில் சிம் டூல்கிட் என்றோ கம்பெனி பெயரிலோ ஒரு இடம் இருக்கும். ஏர்டெல்லில் ஏர்டெல் நவ், பிஎஸ்என்எல்லில் பஸ், வோடபோனில் ஃப்ளாஷ் என்று பெயர். உள்ளே போய் ஸ்டாப் அல்லது டீஆக்டிவேட் கொடுங்கள். வயலிலோ அடுப்படியிலோ ஈரக் கையோடு அம்மா அதன் மேல் ஓகே அழுத்தியிருப்பார்கள், ஜோசியமோ காலர் டியூனோ தொற்றிக்கொண்டிருக்கும், காசு கரைவது அதில்தான். அந்த போனிலிருந்தே 155223-க்கு அழைத்தால் என்னென்ன சேவை ஓடுகிறது என்று தெரியும், அங்கேயே நிறுத்தலாம். கேட்காமல் ஏற்றியது என்றால் போன் கம்பெனியின் புகார் நம்பரான 198-இல் புகார் எண் வாங்கி, பிடித்த காசைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கவில்லையா, அந்தப் புகார் எண்ணை வைத்து 30 நாளுக்குள் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை.